ஒரு முறம் தவிடு

பெங்களூர்க் குளிரைப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன சுகமான சீதோஷ்ணம் என்று துரைமார்கள் சொல்லலாம். அவர்கள் பங்களாவில் கணப்பு எரிந்தது. மர்பி டவுனில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை, அதன் பின்னால் ஒரு சமையற்கட்டு, மேலே நாட்டு ஓடு. ஓட்டுச் சந்து வழியாகப் பனி உள்ளே இறங்குவதைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நான் வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகையில், தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்து கிடந்ததைப் பார்த்து, யாரோ எண்ணெயை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவள்.

நான் சொல்ல வந்த குளிர், இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால் வந்தது. சாதாரணமாகக் கார்த்திகையில் தொடங்கி, தை போவதற்குள் விட்டுவிடும். அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்வதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. மாசி பாதி போயும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஐந்து வயது. பையன் இன்னும் நடக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இருவருக்கும் நடுவில் ஒன்று பிறந்து, ஒரு மார்கழியில் நெஞ்சில் கபம் கட்டி, என் மடியிலேயே போய்விட்டது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். துணி காயாது. கூடையைக் கவிழ்த்து, உள்ளே கரி நெருப்பை வைத்து, பையனுடைய ஈரத் துணிகளை மேலே பரப்புவேன். ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் கருகும். குளிப்பாட்ட வேண்டுமென்றால் வாசலுக்கு வெயில் வரும் வரை காத்திருக்க வேண்டும். வருகிற வெயிலும் எதிர் வீட்டு மாடுகளின் மேல்தான் முதலில் விழும். பெண்ணுக்கு உதடு வெடித்து ரத்தம் வரும். வெண்ணெய் தடவினால் நக்கித் தின்றுவிடுவாள்.

என் வீட்டுக்காரருக்குப் பட்டாளத்து ரொட்டிக் கிடங்கில், சுடுகிற அடுப்புக்கு முன்னால் ராத்திரி வேலை. குடும்பத்தில் குளிர் தெரியாதவர் அவர் ஒருவர்தான். விடிந்த பிறகு, புருவமெல்லாம் மாவு படிந்து வீட்டுக்கு வருவார். சட்டைக்குள் சூட்டோடு ஒரு ரொட்டி இருக்கும். பெண் ஓடிப்போய் அதை வாங்கி, தின்னாமல், முதலில் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். “தின்னுடி, ஆறிப்பூடும்” என்பார். “இரு நைனா, சூடு தீரட்டும்” என்பாள். வாய் ஓயாத பெண் அது. கண் விழித்தால் பேச்சு, பேச்சில்லாத நேரம் பாட்டு. மாட்டோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள். “கொஞ்ச நேரம் சும்மா இருடி தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்று நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

மார்கழி பிறந்ததும் பையன் இருமத் தொடங்கினான். முதல் இருமலைக் கேட்டதுமே அவனைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். கற்பூரவல்லிச் சாறு பிழிந்து கொடுத்தேன். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தேன். எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தேன். தர்ம ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மருந்தும் ஆயிற்று. அவன் இருமி இருமி, பால் குடிக்கக்கூட மூச்சு இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். நடுவில் போனதே, அதுவும் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

பக்கத்துத் தெருவில் என் நாத்தனார் இருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால் அது நடந்து முடிகிற வரையில் நகர மாட்டார். வந்து பார்த்தார். உட்காரவில்லை.

“இன்னும் இன்னா பாத்துக்கினு கீறே? போன தபா பாத்துக்கினே இருந்து இன்னா ஆச்சு? தவிட்டுக்கு வித்துடு” என்றார்.

தவிட்டுக்கு விற்பது பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற காரியம். பிள்ளைகள் ஒன்றும் குறையாமல் தங்கியிருக்கிற வேறொரு வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு, நம் பிள்ளையை அவளுக்கு விற்றுவிட வேண்டும். எமன் வந்து பார்த்தால் இந்த வீட்டில் பிள்ளையே இல்லை. அந்த வீட்டில் இருப்பதோ அவன் தேடி வந்த பிள்ளை இல்லை. ஏமாந்து போய்விடுவான். ஆபத்துக் காலம் தாண்டியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்தது மடியில் கிடந்து மூச்சுக்கு இழுத்துக்கொள்ளும்போது சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. எதிர் வீட்டுப் பால்காரம்மாவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், ஒன்றுகூடத் தவறியதில்லை. மாடு வைத்திருந்ததால் தவிட்டுக்கும் பஞ்சமில்லை. ஹொசகோட்டைப் பக்கம் பிறந்தவள், பேச்சில் பாதி கன்னடம் இருக்கும். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. “அதுக்கின்னா, நாளைக்கே வாங்கிக்கிறேன். எட்டோட ஒம்போது” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, பனி விலகுவதற்கு முன்னால் வியாபாரம் நடந்தது. அண்ணி வாசற்படியில் நின்று நடத்தினார். பால்காரம்மா முறத்தில் கொண்டுவந்த தவிட்டை என் முந்தானையில் கொட்டினாள். வெறும் முறத்தில் பையனைக் கிடத்தினேன். அண்ணி கேட்டார்: “இது யார் புள்ள?” நான் அவர் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்: “எனக்குத் தெரியாது. எதிர் வூட்டுப் புள்ள.” மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னேன். பால்காரம்மா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் முறை.

“இனிமே நான் சொல்ற வரைக்கும் இவன உன் புள்ளன்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாது. வாய் தவறி ஒரு வார்த்த வந்துச்சோ, செஞ்சது அத்தினியும் பாழு. அப்புறம் என்னக் கேக்காதே” என்றார் அண்ணி.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை நம்பினேன். பகலெல்லாம் அவன் எதிர் வீட்டில் இருந்தான். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை அது. மாடுகளின் சூட்டில் கதகதப்பாக இருக்கும். நான் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். பொழுது சாய்ந்ததும் போர்வைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் பிள்ளையை நானே திருடிக்கொண்டு வருவது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அன்று காலை நடந்ததையெல்லாம் என் பெண் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் நினைக்கவில்லை. முறை என்ன, எமன் என்ன, அவளுக்கு என்ன தெரியும்? அம்மா தம்பியைத் தூக்கிக் கொடுத்தாள், தவிட்டை வாங்கிக்கொண்டாள், யார் பிள்ளை என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். அவள் கண்ணால் கண்டது அவ்வளவுதான்.

“அம்மா, தம்பிய ஏன் வித்துட்டே?” என்று கேட்டாள்.

விளக்கிச் சொன்னால் பாழ் என்று அண்ணி சொல்லியிருக்கிறாரே! அண்ணியே பதில் சொன்னார், சிரித்துக்கொண்டு: “இருமினான், வித்துட்டோம். நீ இருமினா உன்னயும் வித்துடுவோம், ஆமா.”

பையனைத் தன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த பால்காரம்மா வாசலில் நின்றபடி, “அய்யய்யோ, இத எனக்கு பேடாப்பா, வோணாம்! இந்த வாயாடிய எவ வெச்சிக்குவா? என் தவிடுதான் தண்டம்” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோரும் சிரித்தோம். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், தவிட்டுக்கு விற்றுவிடுவோம் என்று பிள்ளைகளைச் சீண்டாத வீடு எங்கே இருக்கிறது? என் அம்மா என்னைச் சொல்லியிருக்கிறாள், அழுதிருக்கிறேன், அப்புறம் மறந்துவிட்டு விளையாடப் போயிருக்கிறேன். என் பெண் அழவில்லை. சிரிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் பையனைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துப் பாயில் விட்டேன். அவள் தள்ளி உட்கார்ந்து அவனையே பார்த்தாள். “இது யாரும்மா?” என்றாள். பரீட்சை வைக்கிற குரல். “பால்காரம்மா புள்ள. தூங்க வந்துகீறான்” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றிக் கேட்கவேயில்லை.

பையன் தேறினான். கொட்டகையின் சூடோ, முறத்தின் மகிமையோ, பொங்கலுக்குள் இருமல் பாதியாகக் குறைந்து பால் குடிக்கத் தொடங்கினான். அண்ணி தெருவில் நடந்து போகிற நடையே மாறிவிட்டது.

பெண்ணும் மாறினாள். நான் கேட்காமலே பாயைச் சுருட்டினாள். கூடை மேல் போட்ட துணி கருகாமல் பார்த்துக்கொண்டாள். நைனா வந்தால் ஓடிப்போய் ரொட்டியைப் பிடுங்குவதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். பேச்சு நின்றது. பாட்டு நின்றது. ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் காதோடு காதாகச் சொல்லுவாள். அடிக்கடி தண்ணீர் குடித்தாள். ராத்திரி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாள். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. பனிக்காற்றில் வெடித்திருக்கிறது என்று வெண்ணெய் தடவினேன். இந்தத் தடவை அவள் அதை நக்கவில்லை.

தெருவில் எல்லோரும் புகழ்ந்தார்கள். “பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும். எவ்ளோ அடக்கம்!” என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அறிவு வந்துவிட்டது, தாய் படுகிற பாட்டைப் பார்த்துப் பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அடக்கமாம், அடக்கம்!

தை போய் மாசியும் பிறந்துவிட்டது. குளிர் போகவில்லை. ஒரு நாள் காலை குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். பனியில் முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், கடைசி வீட்டில் இருக்கிறவள், “இன்னாக்கா, உன் பொண்ணு மாட்டுக் கொட்டாய் பின்னாடி வைக்கோல்ல தலைய வுட்டுக்கினு கெடக்குது? பூச்சி கீச்சி இருக்கப் போவுது” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் காலை ஆறு மணிப் பனியில் என்ன விளையாட்டு? குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். நடக்கும்போதே ஏனோ ஓட ஆரம்பித்தேன்.

வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் மண்டி போட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க வைக்கோலுக்குள் இருந்தது. முதுகு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. சத்தமே இல்லை. பிடித்து இழுத்தேன். வாய்க்குள் தன் பாவாடை நுனியைத் திணித்து வைத்திருந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பாவாடையை நான் வாயிலிருந்து இழுத்ததும் ஒரு இருமல் வந்தது பாருங்கள், ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பயந்து போய், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சொன்னாள்:

“நான் இருமலம்மா. மாடு இருமிச்சு.”

அந்த வார்த்தை காதில் விழுந்தபோதுகூட எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்றுதான் எண்ணினேன். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் எடையே இல்லாமல் இருந்தாள். இவளை நான் கடைசியாக எப்போது தூக்கினேன்? ஞாபகமில்லை. பெரியவள், நடக்கிறவள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். “இன்னாடி ஆச்சு?” என்றார். நான் பெண்ணை அவர் கையில் போட்டேன். தொட்டுப் பார்த்தவர் அப்படியே தெருவுக்கு ஓடி ஜட்கா பிடித்தார். வழியெல்லாம், சட்டைக்குள் இருந்த ரொட்டியை எடுத்துப் பெண்ணின் வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயதானவர், கண்டிப்பானவர். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு, ஒரே அறையில் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியவில்லை! “இருமலே கேக்கலம்மா” என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு குழாயைப் பெண்ணின் நெஞ்சில் வைத்தார். அவ்வளவுதான், பெண் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“மூச்சு விடு கண்ணு.”

விடவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. உதட்டை இறுக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். “மூச்சு விடுடி!” என்று நான் கத்தினேன். அடக்க முடியாமல் வெடித்து வந்தது இருமல். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது ஒண்ணே ஒண்ணுதாம்மா. இனிமே வராது. நெசமா வராது” என்று கெஞ்சினாள்.

டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டது. “இந்தக் குழந்தையை யார் இப்படிப் பயமுறுத்தினீர்கள்?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்போதுதான், அந்த இடத்தில்தான், பால்காரம்மாவின் முறமும் அண்ணியின் சிரிப்பும் எனக்கு முன்னால் வந்து நின்றன. இருமினா உன்னயும் வித்துடுவோம். ஐயோ கடவுளே! இந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பி, குளிர் பூராவும் இருமலை விழுங்கிக்கொண்டு எங்கள் நடுவில் நடமாடியிருக்கிறாள். நான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா மருந்து கொடுத்தார், ஆளிவிதையை அரைத்துச் சூடாக நெஞ்சில் பற்றுப் போடச் சொன்னார். வார்டில் கிடத்த இடமில்லை, வீட்டிலேயே சூடாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். “நுரையீரல் நிறையக் கபம். அது இருமி வெளியே வரணும். இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. மருந்தைவிட இருமல்தான் முக்கியம், தெரிகிறதா?” என்றார்.

வீட்டுக்கு வந்து பற்றுப் போட்டோம். மடியில் சாய்த்து வைத்து, “இருமுடி கண்ணு. எம்மாம் வோணும்னாலும் இருமு. டாக்டரம்மாவே சொன்னாங்க” என்றேன். தலையை ஆட்டினாள். முடியாது என்று. நான் கெஞ்சினேன். அவள் நைனா தரையில் உட்கார்ந்து கெஞ்சினார். நாங்கள் கெஞ்சக் கெஞ்ச அவளுக்குச் சந்தேகம்தான் அதிகமாயிற்று. இருமச் சொல்லி ஏன் இவ்வளவு ஆசை காட்டுகிறார்கள்? விற்பதற்குத்தானே? உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மூச்சு சின்னச் சின்னதாக, மேல் மேலாக ஓடியது. உதட்டோரம் நீலம் பூத்தது. நடுவில் போனதற்கும் கடைசியில் அப்படித்தான் உதட்டோரம் நீலமாயிற்று.

அப்போது வாசலில் ஆள் அரவம் கேட்டது. அண்ணி வந்தார். பின்னால் பால்காரம்மா, இடுப்பில் முறம், முறம் நிறையத் தவிடு.

“ஏன் அழுதுக்கினு கீறே? தம்பிக்குப் பலிச்சிது, இவளுக்குப் பலிக்காதா? ஜல்தி எழுந்திரு. வெளிச்சம் இருக்கச் சொல்லவே முடிச்சிடலாம்” என்றார் அண்ணி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவர், இன்னொன்றையும் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறார். பால்காரம்மாவின் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “குடு தாயி, நான் வெச்சிக்கிறேன். சும்னே சொன்னேன் அன்னிக்கி, இந்த தங்கத்த எவ வோணாம்னுவா?” என்றாள்.

பெண் திரும்பினாள். முறத்தைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் அழவில்லை. கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். பால்காரம்மாவைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க, “நான் வாயாட மாட்டேன்” என்றாள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. எழுந்த வேகத்தில் முறத்தைத் தட்டிவிட்டேன். தவிடு அறை முழுக்கப் பறந்தது. அண்ணியின் தலையில், அடுப்பில், தண்ணீர்ப் பானையில். “இவ எம்பொண்ணு! எம் வயித்துல பொறந்தவ! யாருக்கும் தர மாட்டேன். ஒரு முறம் இல்ல, ஊரையே குடுத்தாலும் தர மாட்டேன்!” என்று கத்தினேன். அண்ணி, “அடிப்பாவி, வாய மூடு! கேட்டுக்கினு நிப்பான்டி!” என்று என் வாயைப் பொத்த வந்தார். வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்றார். “அக்கா, போதும்” என்றார். அவர் தன் அக்காவிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பெண் என்னையே பார்த்தாள். நம்பலாமா என்று யோசிக்கிற பார்வை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. இருமல் தொண்டை வரை வந்து நிற்பது தெரிகிறது. இன்னும் அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

“அப்போ தம்பி?” என்றாள்.

எதிர் வீட்டில் அவன் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இருமல் இன்னும் முழுசாக விடவில்லை, குளிரும் விடவில்லை. எடுத்துக்கொள் என்று அண்ணி இன்னும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் பாழ். இன்று இரண்டு பேரும் கண்ணுக்கு முன்னால் நன்றாக இருப்பதால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்; அன்று எனக்கு அது தெரியாது. இவளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவனைக் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. சொல்லாமல் விட்டால் இவள் என்னை நம்ப மாட்டாள். தம்பியை விற்றவள் தன்னை விற்க எவ்வளவு நேரமாகும்?

அவள் பக்கத்தில் குனிந்து, காதோடு காதாக, “அவனும் எம்புள்ளதான்” என்றேன். எமனுக்குக் கேட்காமல் அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று.

அவள் தலையை ஆட்டினாள். “சத்தமா சொல்லு” என்றாள்.

அண்ணி, “வோணாம், வோணாம்” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, “அவன் எம்புள்ள! ரெண்டும் எம்புள்ளைங்கதான்! எவன் வேணா கேட்டுக்கோ!” என்று கத்தினேன். கத்திவிட்டு, எதிர் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று.

பின்னால் இருமல் சத்தம் கேட்டது. ஒரு இருமல், அதன் மேல் இன்னொன்று, அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். அவள் வாயை மூடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருமினாள். இருமி முடித்து, வாயைத் துடைக்காமல், இப்போது நான் என்ன செய்வேன் என்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.